தறியும் தளையும்

சென்னைக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணியை அடுத்து, வளைந்த முகப்புடைய பழைய கட்டடம் ஒன்று நிற்பதை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். 1897-ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்த இடமாதலின், அது இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றுள்ளது. ஆயினும் அவ்வட்டாரத்தார் அப்பகுதியை ஐஸ் ஹவுஸ் என்றே இன்றும் வழங்குகின்றனர். அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடெரிக் டியூடர் என்பார், தம் பனிக்கட்டிச் சரக்கைச் சேமித்து வைப்பதற்காக 1842-இல் எழுப்பிய கிடங்கு அது. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளங்கள் குளிர்காலத்தில் உறைந்து கல்லாகும்போது, அவற்றைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வரும் கப்பல்களில் ஏற்றி அனுப்பினார்கள். தோரோ என்னும் அறிஞர் 1854-இல் வெளியிட்ட ‘வால்டன்’ என்ற நூலில், தம் குளத்து நீரைப் பருகுவோர் என்று சில ஊராரைக் குறிப்பிடுகின்றார். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நம் நகரங்கள் அவற்றுள் உண்டு. சார்ல்ஸ்டனும் நியூ ஆர்லியன்ஸும் உண்டு. இவ்விரண்டும் மனிதரை ஏலம் விட்ட அடிமைச் சந்தைகளுக்குப் பேர்போன துறைமுகங்கள்.

அடிமை முறையைத் தன் எல்லைக்குள் 1780-களிலேயே ஒழித்துவிட்ட மாநிலம் மாசசூசெட்ஸ். அந்த மாநிலத்து வணிகருக்குச் சார்ல்ஸ்டனில் என்ன வேலை? இந்த வினாவைத்தான் இன்று உங்களோடு ஆராய விழைகின்றேன்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. நான் வரலாறு கற்பித்த முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணங்களைக் கரும்பலகையில் ஒரே விதமாகத்தான் எழுதி வந்தேன். ‘வடக்கு கைத்தொழில் நாடு, தெற்கு வேளாண்மை நாடு. வடக்கில் சுதந்திர உழைப்பு. தெற்கில் அடிமை உழைப்பு. எனவே 1861-இல் போர் மூண்டது.’ மாணவர்கள் அதனை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றனர். ஒருநாள் கடைசிப் பலகையில் அமர்ந்திருந்த பையன் எழுந்து, “ஐயா, வடக்கே பருத்தி விளையாது என்று பூகோள வகுப்பில் சொன்னீர்களே, அந்த ஆலைகளுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டான். “தெற்கிலிருந்துதான்” என்று கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிட்டேன். அவன் கேட்டது எத்துணை ஆழமான கேள்வி என்பது ஓய்வு பெற்றபின் நிதானமாகப் படிக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு விளங்கியது.

அமெரிக்கக் கைத்தொழிலின் தொட்டில் நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்குப் பகுதியாகும். 1790-இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்தின் நூற்பு யந்திரங்களின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொண்டு வந்து, ரோட் தீவு மாநிலத்தில் நூற்பைத் தொடங்கி வைத்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் பாஸ்டன் வணிகர் பிரான்சிஸ் காபட் லோவெல் இங்கிலாந்துக்குச் சென்று ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். யந்திரத்தின் வரைபடத்தைக்கூட நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகலாகாது என்று சட்டமிருந்த காலம் அது. விசைத்தறியின் நுட்பத்தை அவரும் நினைவிலேயே சுமந்து வந்தார். பால் மூடி என்ற கைதேர்ந்த கம்மியரின் துணையோடு வால்தம் என்னும் ஊரில் 1814-இல் அவர் இயக்கிய ஆலையில், பஞ்சு ஒரு வாயிலால் புகுந்து துணியாக மறு வாயிலால் வெளிவந்தது.

அக்காலத்தில் அமெரிக்க ஏழைகள் உடுத்திய முரட்டுப் பருத்தித் துணியில் பெரும்பங்கு நம் இந்தியாவிலிருந்து சென்றதாகும். 1816-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், கஜம் 25 செண்டுக்குக் குறைந்த எந்தத் துணியையும் 25 செண்டு விலையுள்ளதாகவே கருதி வரி விதிக்க வேண்டும் என்றது. மிக மலிவான இந்தியத் துணிக்கு அவ்வரியே கதவடைப்பாயிற்று. அச்சட்டத்துக்காக வாஷிங்டனில் முயன்றவர்களுள் லோவெல் முதன்மையானவர். லங்காஷயரின் துணி நம் நெசவாளரை வீழ்த்திய கதையை நாம் அடிக்கடி சொல்கின்றோம். கடலின் மறுகரையில் இப்படியும் ஒரு கதவு சாத்தப்பட்டதைச் சொல்வதில்லை.

லோவெல் 1817-இல் மறைந்தார். அவர் கூட்டாளிகள் மெர்ரிமாக் ஆறு சுமார் 30 அடி தாழ்ந்து விழும் ஓரிடத்தில் நிலம் வாங்கிக் கால்வாய் வெட்டி, அந்நீரின் விசையால் ஆலைகளை இயக்கினர். 1823-இல் முதல் ஆலை ஓடியது. அங்கே எழுந்த ஊருக்கு லோவெல் என்றே பெயரிட்டனர். 1826-இல் சுமார் 2,500 பேர் வாழ்ந்த அவ்வூரில் 1850-இல் 33,000 பேர் வாழ்ந்தனர். 1835-இல் பாஸ்டனிலிருந்து அங்கே புகைவண்டியும் ஓடத் தொடங்கியது.

ஆலைக்கு வேண்டிய ஆட்கள் எங்கிருந்து கிடைத்தனர்? குடியானவர் வீட்டுப் பெண்மக்களை முதலாளிகள் தேடிச் சென்றனர். நியூ இங்கிலாந்தின் கல்லும் கரடுமான நிலத்தில் ஒரு குடும்பம் பிழைப்பதே அரிது. மகள் ஆலைக்குச் சென்றால் தம்பியின் படிப்புக்கும் தந்தையின் கடனுக்கும் பணம் வரும். ஆனால் கன்னிப் பெண்ணைத் தனியே அனுப்பப் பெற்றோர் தயங்குவர் அன்றோ? ஆகவே நிறுவனங்களே விடுதிகள் கட்டி, வயது முதிர்ந்த விதவையரை மேற்பார்வைக்கு அமர்த்தின. இரவு 10 மணிக்கு விடுதிக் கதவு அடைக்கப்படும். ஞாயிறுதோறும் கோயில் வழிபாடு கட்டாயம். 1840-ஐ ஒட்டி அவ்வூர் ஆலைகளில் 8,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம் பெண்கள். அவர்களே கதையும் கட்டுரையும் எழுதி ‘லோவெல் ஆஃபரிங்’ என்னும் திங்கள் இதழை நடத்தினர். 1842-இல் அவ்வூருக்கு வந்த ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ், விடுதிகளில் பியானோவும் படிக்க நூல்களும் இருப்பது கண்டு வியந்து எழுதினார்.

டிக்கன்ஸ் ஒருநாள் விருந்தினர். அப்பெண்களோ கோடைக்காலத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு ஒலிக்கும் மணியோசைக்கு எழுந்து, வாரத்துக்குச் சராசரி 73 மணி நேரம் வேலை செய்தவர்கள். நூல் அறாமலிருக்கச் சன்னல்களை அடைத்து வைத்திருந்த கூடங்களில், பஞ்சுத்தூசு பறக்கும் காற்றையே அவர்கள் மூச்சாக இழுத்தனர். 1834-இல் கூலியைக் குறைத்தபோது சுமார் 800 பெண்கள் வேலையை நிறுத்தி வீதியில் ஊர்வலம் வந்தனர். 1836-இல் விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோது சுமார் 1,500 பேர் வெளியேறினர். நாங்கள் சுதந்திர மக்களின் புதல்வியர், அடிமைகளாக இருக்கமாட்டோம் என்பது அவர்கள் முழக்கம். தாத்தன் விடுதலைப் போரில் துப்பாக்கி ஏந்தியவன் என்ற நினைவு அவர்கள் நெஞ்சில் பசுமையாக இருந்தது. 1844-இல் சாரா பாக்லி என்ற தொழிலாளப் பெண்ணின் தலைமையில் ஒரு சங்கம் கண்டு, பத்து மணி நேர வேலைநாள் வேண்டுமென்று மாநிலச் சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினர். 1845-இல் சட்டமன்றக் குழு அவர்களை அழைத்து விசாரித்தது. குறைகள் உண்மையே, ஆயினும் சட்டம் இதில் தலையிடுதல் தகாது என்று கூறிவிட்டது. பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலம் அது என்பதை மாணவிகள் நினைவிற்கொள்க. 1874 வரை அவ்வேண்டுகோள் சட்டமாகவில்லை.

அடிமை என்ற சொல்லை அப்பெண்கள் தம் வாயால் மறுத்தார்கள். அவர்கள் கதிர்களில் சுற்றிய நூலோ அடிமைகள் பறித்த பருத்தி! கடைசிப் பலகைப் பையனின் வினாவுக்கு இங்கே வந்து சேருகின்றோம்.

1793-இல் எலி விட்னி என்பார் பருத்தியிலிருந்து கொட்டையை விரைவில் பிரிக்கும் யந்திரத்தைக் கண்டுபிடித்தார். மனித உழைப்பைக் குறைக்கப் பிறந்த அந்தக் கருவியே அடிமை முறைக்கு உயிரூட்டியது வரலாற்றின் விந்தை. கொட்டை நீக்குவது எளிதானதும் பறிக்கும் கைகள் மிகுதியாகத் தேவைப்பட்டன. 1790-இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860-இல் ஏறத்தாழ 40 லட்சமாயிற்று. அவ்வாண்டில் அமெரிக்க நாட்டு ஏற்றுமதியின் மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தியே. அதில் பெரும்பகுதி லங்காஷயருக்குச் சென்றது. ஒரு பகுதி நியூ இங்கிலாந்துக்கு வந்தது. பருத்தியை ஏற்றிய கப்பலும், அதற்கு முன்பணம் தந்த வங்கியும், காப்புறுதி செய்த நிறுவனமும் பெரும்பாலும் வடக்கத்தியவை.

சரக்கு ஒரு திசையில் மட்டும் செல்லவில்லை. அடிமைகளுக்கு ஆண்டுக்கு இத்தனை கஜம் என்று அளந்து கொடுக்கும் முரட்டுத் துணியை நெய்வது வடக்கின் ஆலைகளுக்கு ஒரு தனி வியாபாரமாக இருந்தது. அத்துணிக்குத் தெற்கில் ‘லோவெல்’ என்றே பெயர். தான் பறித்த பருத்தியைத் துணியாக மீண்டும் உடுத்திய அடிமை, அதை நெய்த ஊரின் பெயரை மட்டும் அறிந்திருந்தான். அடிமைகள் அணிந்த முரட்டுச் செருப்புகளை மாசசூசெட்ஸின் நாட்டிக் போன்ற ஊர்கள் தைத்து அனுப்பின. பதினோரு வயதளவில் லோவெல் ஆலையில் சேர்ந்து, பிற்காலத்தில் கவிஞராகப் பெயர் பெற்ற லூசி லார்கம் என்ற அம்மையார், தறியில் நிற்கும் பெண்ணொருத்தி தெற்கின் அடிமைப் பெண்களை எண்ணி வருந்துவதாக ஒரு கவிதை இயற்றியுள்ளார். அது போர் முடிந்தபின் எழுதியது என்றாலும், அந்த வருத்தம் முன்பே பலர் உள்ளத்தில் இருந்தது. லோவெலில் பெண்களின் அடிமை ஒழிப்புச் சங்கமே ஒன்று இருந்தது.

முதலாளிகளின் உள்ளம் எவ்வாறு இருந்தது? 1831-இல் பாஸ்டனில் வில்லியம் லாயிட் காரிசன் ‘லிபரேட்டர்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கி, அடிமைகளை உடனே விடுவிக்க வேண்டுமென்று எழுதலானார். 1835-இல் ஒரு கும்பல் அவரைக் கயிற்றால் கட்டி அதே பாஸ்டன் வீதியில் இழுத்துச் சென்றது. அக்கும்பலில் நன்கு உடுத்திய வணிகர்களும் கனவான்களும் இருந்தனர்! 1838-இல் தப்பி வந்த அடிமை பிரெடெரிக் டக்ளஸ், கப்பல் பலகைகளின் இடுக்கடைக்கும் தொழில் அறிந்தவர். நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில் வெள்ளைத் தொழிலாளர் அவரோடு வேலை செய்ய மறுத்ததால் கூலி வேலைகள் செய்து பிழைத்தார். 1848-இல் சார்ல்ஸ் சம்னர் ஒரு கூட்டத்தில், சாட்டையின் பிரபுக்களும் தறியின் பிரபுக்களும் கைகோத்துள்ளனர் என்று தம் மாநிலச் செல்வர்களை முகத்துக்கு நேரே சாடினார். பாஸ்டனின் நாவலர் டேனியல் வெப்ஸ்டரோ 1850 மார்ச் 7 அன்று செனட் சபையில், நாட்டின் ஒற்றுமையின் பெயரால் தெற்குடன் சமரசத்தை ஆதரித்துப் பேசினார். அவ்வாண்டே, தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுப்பது வடக்கத்தியரின் கடமை என்று கடுஞ்சட்டம் ஒன்று பிறந்தது.

ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லாமலிருக்க இயலவில்லை. இதே மாசசூசெட்ஸில்தான் ஹொரேஸ் மான் என்ற பெரியார் 1837-இல் கல்விக் கழகத்தின் செயலாளராகப் பொறுப்பேற்றார். 1839-இல் லெக்சிங்டனில் அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. 1852-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. ஆலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு படித்து ஆசிரியைகளான பெண்கள் உண்டு. அதே காலத்தில் தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பது தண்டனைக்குரிய குற்றம்.

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் தோன்றியது. பட்டினிக்குத் தப்பிய லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் கப்பலேறினர். பாஸ்டனில் வந்திறங்கியவர்கள் எந்தக் கூலிக்கும் இசைந்தார்கள். குடியானவர் வீட்டுப் பெண்கள் மெல்ல மெல்ல ஆலைகளைவிட்டு நீங்க, அவ்விடங்களில் ஐரிஷ் குடும்பங்கள் புகுந்தன. அவர்கள் கத்தோலிக்கர், வறியவர். அவர்கள்மீது எழுந்த வெறுப்பே ஒரு கட்சியாக உருவெடுத்தது. ரகசியச் சங்கமாக இருந்து, கேட்டால் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லும் வழக்கத்தால் ‘ஒன்றுமறியார்’ என்று பெயர் பெற்ற அக்கட்சி, 1854 தேர்தலில் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தை ஏறக்குறைய முழுவதுமே கைப்பற்றியது. அந்தச் சட்டமன்றமே 1855-இல் கறுப்பினக் குழந்தைகளைத் தனிப்பள்ளிகளில் ஒதுக்குவதைத் தடை செய்தது! ஒரு சமூகத்தின் உள்ளத்தில் சிறுமையும் பெருமையும் ஒரே ஆண்டில் இவ்வாறு அருகருகே குடியிருக்கக் கூடும்.

இதற்கிடையில் இருப்புப்பாதை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1860-இல் நாட்டிலிருந்த சுமார் 30,000 மைல் பாதையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அடிமை முறையற்ற மாநிலங்களில் இருந்தது. 1850-இல் 30,000 மக்கள் வாழ்ந்த சிக்காகோவில் பத்தாண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். முன்னெல்லாம் மிஸிஸிப்பி ஆற்றின் வழியே நியூ ஆர்லியன்ஸுக்கு மிதந்து சென்ற மேற்குக் கோதுமை, இப்போது வண்டியேறிக் கிழக்கே வந்தது. கிழக்கின் துணியும் செருப்பும் மேற்கே சென்றன. தறியின் பிரபுக்களுக்குத் தெற்கை விட்டால் வேறு சந்தை இல்லை என்ற நிலை மாறிற்று. மேற்கின் புதிய நிலங்கள் யாருக்கு என்ற வழக்கு அப்போது முதன்மை பெற்றது. ஆலைத் தொழிலாளி என்றேனும் அங்கே ஒரு துண்டு நிலம் உழலாம் என்று கனவு கண்டான். அடிமைகளோடு பண்ணையார் அங்கே வந்துவிட்டால் அக்கனவு குலையும்.

1854 மே மாதத்தில் இரு நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. கான்சஸ் பகுதியில் அடிமை முறைக்கு வழிதிறக்கும் சட்டம் வாஷிங்டனில் நிறைவேறியது. அதே வாரத்தில் அந்தோணி பர்ன்ஸ் என்ற தப்பி வந்த அடிமையைப் பாஸ்டனில் சிறையிட்டு, ஜூன் 2 அன்று துருப்புகள் சூழத் துறைமுகத்துக்கு நடத்திச் சென்றனர். வழியெங்கும் கடைகளில் கறுப்புத் துணி தொங்கியது. வீதியின் குறுக்கே ஒரு சவப்பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். ஆலை வணிகர் ஆமோஸ் ஆடம்ஸ் லாரன்ஸ், முன்னிரவில் பழைமைவாதியாகப் படுத்தவர்கள் காலையில் அடிமை ஒழிப்பு வெறியர்களாக எழுந்தோம் என்ற கருத்துப்பட ஒரு கடிதம் எழுதினார். கான்சஸில் சுதந்திரக் குடிகளைக் குடியேற்ற அவர் பெரும்பொருள் வழங்கினார். அங்கே எழுந்த லாரன்ஸ் என்ற ஊர் அவர் பெயரைத் தாங்கியது. பஞ்சால் வந்த செல்வம் பஞ்சுப் பண்ணையாரை எதிர்க்கப் பயன்பட்டது.

1857-இல் வங்கிகள் முறிந்து வடக்கில் ஆலைகள் மூடப்பட்டன. பருத்தி விலை விரைவில் மீண்டதால் தெற்கு அவ்வளவாகத் துன்புறவில்லை. அந்தச் செருக்கில் தெற்கு கரோலினாவின் செனட்டர் ஹாமண்ட், 1858 மார்ச் மாதம், பருத்தியே அரசன் என்றும், வடக்கின் கூலித் தொழிலாளரும் பெயரளவில் நீங்கலாக அடிமைகளே என்றும் பேசினார். அவருக்கு விடை கூற எழுந்தவர் ஹென்றி வில்சன். சிறு வயதில் பண்ணையாளாக விடப்பட்டு, பின்னர் நாட்டிக் ஊரில் செருப்புத் தைத்து, செனட்டரானவர். தாமே கூலிக்கு உழைத்தவர் என்பதை மறைக்காமல், உழைப்பவன் அடிமையல்லன் என்று அவர் வாதிட்டார். எனினும் ஹாமண்டின் கூற்றில் இருந்த முள்ளை முழுவதும் பிடுங்கிவிட முடியவில்லை. 1860 ஜனவரியில் மாசசூசெட்ஸின் மற்றொரு லாரன்ஸ் நகரில் பெம்பர்ட்டன் ஆலை இயங்கிக்கொண்டிருந்தபோதே இடிந்து வீழ்ந்து, 80-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அடுத்த மாதம் 22-ஆம் நாள், வாஷிங்டன் பிறந்த நாளன்று, லின் நகரத்துச் செருப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். பனி கொட்டும் மார்ச் மாதத்தில் சுமார் 800 பெண்கள் ஊர்வலம் சென்றனர். அம்மாதம் நியூ ஹேவனில் பேசிய ஆபிரகாம் லிங்கன், விரும்பாதபோது தொழிலாளர் வேலையை நிறுத்த இயலுகின்ற முறை நியூ இங்கிலாந்தில் இருப்பது குறித்து மகிழ்கின்றேன் என்று கூறினார். தறி மேடையில் நின்ற பெண்ணுக்கும் பருத்திக் காட்டில் நின்ற பெண்ணுக்கும் இருந்த வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் காட்டிய பேச்சு அது.

நவம்பரில் லிங்கன் வென்றார். டிசம்பர் 20 அன்று தெற்கு கரோலினா பிரிந்தது. உடனே வடக்கு முழுதும் வாளை உருவியது என்று எண்ணற்க. பாஸ்டன் வணிகர்கள் அஞ்சினர். தெற்கு தரவேண்டிய கடன் என்னாவது, பஞ்சு என்னாவது என்று கலங்கிச் சமரச மனுக்களுக்குக் கையொப்பம் திரட்டினர். கான்சஸுக்கு வாரி வழங்கிய அதே ஆமோஸ் லாரன்ஸ், 1860-இல் சமரசக் கட்சியின் சார்பில் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். டிசம்பர் 3 அன்று பாஸ்டனில் அடிமை ஒழிப்பாளர் கூட்டிய கூட்டத்தைக் கும்பலொன்று கலைத்து, டக்ளஸை மேடையிலிருந்து இழுத்துத் தள்ளியது. பர்ன்ஸுக்காகக் கறுப்புக்கொடி கட்டிய நகரம்தான் அது.

1861 ஏப்ரல் 12 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சம்டர் கோட்டைமீது குண்டு விழுந்தபின் மனுக்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. தலைநகரைக் காக்க லிங்கன் விடுத்த அழைப்பை ஏற்றுப் புறப்பட்ட முதற்படைகளுள் மாசசூசெட்ஸ் ஆறாம் படைப்பிரிவு ஒன்று. அதில் லோவெல் ஆலைத் தொழிலாளர் பலர் இருந்தனர். (போர் மூண்டபின் பஞ்சுக்கு ஏங்கிய லங்காஷயர் நம் திருநெல்வேலிச் சீமையை நாடி வந்த கதை வேறொரு நாள் பேசத்தக்கது.) ஏப்ரல் 19 அன்று அப்படை பால்டிமோர் நகரில் ஒரு புகைவண்டி நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிச் செல்கையில், தெற்கின் சார்பான கும்பல் கல்லெறிந்து, சுட்டது. இறந்த நான்கு போர்வீரர்களுள் இருவர் லோவெல் நகரத்தவர். அடிசன் விட்னிக்கு வயது 22. லூதர் லாட் என்பவனுக்கு 17. லாட் நியூ ஹாம்ப்ஷயரின் குடியானவர் வீட்டுப் பிள்ளை. லோவெலின் யந்திரப் பட்டறையில் வேலை பழகியவன். அவர்களை நகரத்தார் தம் ஊரிலேயே அடக்கம் செய்து, 1865-இல் கல்தூண் ஒன்று நாட்டினர். அவர்கள் உடல்கள் ஊர் வந்து சேர்ந்தபோது லோவெல் ஆலைகளின் கிடங்குகளில் முந்திய ஆண்டில் தெற்கிலிருந்து வந்த பஞ்சுப் பொதிகள் இன்னும் அடுக்கப்பட்டிருந்தன.